நாலரை என்று எழுதிய பீப்பாய்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேள்வியும் என்னுடையது இல்லை. விஸ்கான்சினின் வடக்கே, ஒரு காகித ஆலையை நம்பிப் பிழைக்கும் இந்த ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையத்தின் மாடியில் கூடுவார்கள். நான் குடிப்பதில்லை. ஆனால் குளிர்காலத்தில் இங்கே போவதற்கு வேறு இடமும் இல்லை.

போன டிசம்பரில் ஒருவர் கேட்டார்: "பீப்பாயிலேர்ந்து பிடிக்கிற பீர் கலங்கலாவே வருது. என்ன பண்ணலாம்?" ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஜெலட்டின் கரைத்து ஊற்று என்றார் ஒருவர். பீப்பாயை அசைக்காமல் வை, முதல் இரண்டு கிளாஸைக் கொட்டு என்றார் இன்னொருவர். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மனிதர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். அவர் வீட்டில் அடுப்பில் ஏதாவது இருந்திருக்கலாம். மற்றதெல்லாம், அவருக்கு வைத்த கர்ட் என்ற பெயர் உட்பட, என் கைவரிசை.

2

தொடக்கம், முதல் முயற்சி: *கர்ட் லிண்ட்னர் கண்ணாடிக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, அதில் அவனுடைய*

வேண்டாம். அதில் அவனுடைய முகம் தெரியாது, மனசும் தெரியாது. கலங்கிய பீர்தான் தெரியும்.

இரண்டாவது முயற்சி: *வெய்ன் ஸ்டோல்ட்ஸ் செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது.*

இது பரவாயில்லை. வெய்ன் கர்ட்டின் நண்பன், ஆறு மைல் தள்ளி வீடு. மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமைக்கு முந்தின மாலை கர்ட்டின் கார் கொட்டகையில் புதுப் பீப்பாய் திறப்பது இருபது வருட வழக்கம். அன்று வெய்ன் நாலு கிளாஸ் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். பாதி வழியில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மரத்தில் மோதினான். பெல்ட் போட்டிருந்தான். அப்படியும் போய்விட்டான்.

(கர்ட்டை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது, வீட்டுக்கு வீடு போய், வீட்டைச் சூடாக்கும் உலை ரிப்பேர் செய்கிறவர், மரியாதைக்குரிய ஆள்தான். ஆனால் மரியாதை கொடுத்த உடனே தப்பித்துக்கொள்ளப் பார்த்தார். அதனால் 'அவன்'.)

3

பதினைந்து நாளாகக் கர்ட் ஒரே வேலையாக இருந்தான். பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் பீப்பாய், கதவில் துளை போட்டுப் பொருத்திய குழாய். காலையில் ஒரு கிளாஸ் பிடிப்பான், ஜன்னலருகே வைத்துப் பார்ப்பான், தொட்டியில் ஊற்றுவான். சாவு வீட்டுக்கு ஒரே ஒருமுறை போனான். பீர் ஏன் தெளியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் தன் கடமை என்பதுபோல இருந்தான். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. பிறகு யோசித்தால், நான் செய்வதும் அதேதான்.

டுவைட் வந்தான். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். பீர் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன்.

"கொட்டிட்டுப் போயேன்டா. இனிமே யாரு குடிக்கப் போறா இதை?"

"ஏன்னு தெரிஞ்சுக்கணும்."

டுவைட் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடேற்றினான். குளிரால் வந்த மங்கலாக இருந்தால் சூட்டில் தெளிந்துவிடும். தெளியவில்லை. ஒரு சொட்டு அயோடின் விட்டான். நீலம் ஏறவில்லை, அதனால் மாவுச்சத்தும் இல்லை. முகர்ந்தான், ஒரு வாய் குடித்தான்.

"புளிப்பு இல்ல. கெட்டுப்போகல. ஆனா இனிக்குது. இது முடிஞ்ச பீர் இல்ல, கர்ட். ஈஸ்ட் அடங்கறதுக்குள்ள பீப்பாய்ல அடைச்சிருக்க."

"மான் சீசன் வந்துருச்சில்ல. வெள்ளிக்கெழமைக்கு வேணுமே."

"சரி. ஆனா நாலரை சதவீத பீர் அடங்க இவ்வளவு நாளெல்லாம் ஆகாதே. காய்ச்சறப்ப எழுதின நோட்டைக் கொண்டா."

பெட்டிக் கதவைத் திறந்தால், பீப்பாயின் கழுத்தில் ஒட்டிய வெள்ளை நாடாவில் கர்ட்டின் கையெழுத்து: 4.5, ஆல்கஹால் சதவீதம். காய்ச்சுகிற எல்லோரும் இப்படி எழுதி ஒட்டுவார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எத்தனை கிளாஸ் என்று முடிவு செய்வார்கள்.

டுவைட் நோட்டைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தான்.

"மால்ட் சாறு நீர்த்திருக்குன்னு எழுதிருக்க. ஒரு பை மால்ட் பவுடர் சேத்திருக்க."

"ஆமா. அடர்த்தி பாக்கற மிதவை ரொம்பக் கீழ எறங்கிருச்சு."

"எவ்வளவு சூட்டுல அளந்த?"

கர்ட் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"அடுப்புலேர்ந்து எடுத்த உடனேயா? சூடா இருந்தா மிதவை எறங்கத்தானேடா செய்யும். சாறு சரியாத்தான் இருந்திருக்கு. அதுக்கு மேல ஒரு பை கொட்டிருக்க, அந்த இனிப்பெல்லாம் ஆல்கஹாலாத்தான் மாறும். ஆறவிட்டுத் திருப்பி அளந்தியா?"

"நேரமில்ல."

"அப்ப இந்த நாலரை?"

"செய்முறைல இருந்துச்சு. அதையே எழுதிட்டேன்."

டுவைட் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டான். எழுதி முடித்துப் பேனாவை மூடினான்.

"ஏழரை," என்றான்.

* ஏழரை என்றதும் தமிழ் வாசகர்கள் சனீஸ்வரனைத் தேடுவீர்கள் என்று தெரியும். எண்ணை மாற்றலாமா என்று பார்த்தேன். ஒரு பை மால்ட்டுக்கு அவ்வளவுதான் வருகிறது. வெய்ன் குடித்த நாலு கிளாஸ், நாலரை பீரின் கணக்கில் கிட்டத்தட்ட ஏழு கிளாஸ்.

4

இங்கே டுவைட்டைக் கதையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். அவன் இருந்தால் உண்மையை அவனே சொல்லிவிடுவான், கர்ட்டுக்கு வேலை இருக்காது. போகும்போது வாசலில் நின்று, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். உதவி என்று நினைத்துத்தான் சொன்னான் பாவி.

5

அடுத்த நாள் மதியம் மூன்று மணிக்கு மார்லிஸ் வந்தாள். வெய்னின் மனைவி. வாசலில் காரை நிறுத்தி, பின்வழியாக நேரே கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

(முதல் பிரதியில் அவள் கர்ட்டை 'நீங்க' என்றாள். இருபது வருடப் பழக்கத்தில் அது போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. மாற்றிவிட்டேன்.)

"ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து ரத்தப் பரிசோதனை வந்துருக்கு, கர்ட்."

"உக்காரு, மார்லிஸ்."

"நாலு கிளாஸ் பீருக்கு அந்த நம்பர் வராதாம். இங்கேர்ந்து போற வழியில வேற எங்கயோ போட்டிருக்கான்னு சொல்றாங்க. இங்க நாலுதானே குடிச்சான்?"

"நாலுதான்."

"நீ எண்ணினியா?"

"அவனே எண்ணுவானே. கிளாஸுக்கு ஒரு போல்ட் நட்டு எடுத்து மேசைல வப்பான். அன்னைக்கும் நாலு நட்டு இருந்துச்சு."

அவள் தலையாட்டினாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் குடித்துவிட்டு ஓட்டி உரிமத்தைப் பறிகொடுத்தபோது வெய்ன் அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. நாலுக்கு மேல் தொடமாட்டேன், பீர் தவிர வேறு தொடமாட்டேன்.

"அப்ப இங்க நட்டு வச்சு எண்ணிக் காட்டிட்டு, அங்க போய்க் குடிச்சிருக்கான். பதினோரு வருஷமா எத்தனை தடவை இப்படிப் பண்ணானோ. பொண்ணு கேக்கறா, அப்பா உன்னை ஏமாத்திட்டே இருந்தாரான்னு. நான் என்ன சொல்ல?"

கர்ட் பீப்பாய் இருந்த பெட்டியைப் பார்த்தான். அவன் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன், அழகுபடுத்தவில்லை: சொன்னால் வெய்னைக் கொன்றது நான். சொல்லாவிட்டால் வெய்ன் பொய்யன். செத்தவனுக்கு என்ன தெரியப் போகிறது. எனக்குத்தான் இந்த ஊரில் இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

இந்தக் கடைசி வரிக்காக அவனை வெறுத்தேன். அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவன் இடத்தில் நானும் முதலில் அதைத்தான் நினைத்திருப்பேன்.

6

முடிவு, ஒன்று. அவன் சொல்லிவிடுகிறான். ஆனால் கலங்கலிலிருந்து ஆரம்பிக்கிறான். ஈஸ்ட், மிதவை, சூடு என்று பத்து நிமிஷம். மார்லிஸ் குறுக்கிட்டு, "என் புருஷன் செத்துட்டான், நீ பீரப் பத்திப் பேசற" என்று எழுந்து போய்விடுகிறாள். மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அவன் மிதவையைத் தாண்டவில்லை.

முடிவு, இரண்டு. சொல்லவில்லை. வசந்தம் வந்ததும் அவளுடைய உலையை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருகிறான், வருடா வருடம். அவள் ஊரெல்லாம் அவனைப் புகழ்கிறாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு, மூன்று. டுவைட் மனம் மாறித் திரும்பி வந்து

இல்லை. டுவைட் வரமாட்டான்.

7

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் எழுந்தாள். இது என் திட்டத்தில் இல்லை. அலமாரியிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தாள், பெட்டிக் கதவைத் திறந்து நாடாவைப் படித்து மூடிவிட்டு, கிளாஸைக் குழாயின் கீழே பிடித்தாள்.

"என்ன பண்ற?"

"நாலு குடிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும். நாலரைதானே இது. நாலு குடிச்சிட்டு நான் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டேன்னா, அவன் பொய் சொன்னான்னு தெரிஞ்சுடும். அதுக்கப்பறம் அழறத நிறுத்திடுவேன்."

"கலங்கலா இருக்கு, மார்லிஸ். குடிக்காத."

"இருந்துட்டுப் போகட்டும்."

முதல் கிளாஸை மருந்து குடிப்பதுபோலக் குடித்தாள். இரண்டாவதைக் குடிக்கும்போது வெய்ன் குறட்டை விடுவதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். கர்ட்டும் சிரித்தான். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்து, சாலை வழுக்கத் தொடங்கியிருந்தது. மூன்றாவதில் அவள் பேச்சு தடித்துவிட்டது. நாக்கைத் தேடித் தேடிப் பேசினாள்.

"நல்லாதான் இருக்கேன் பாத்தியா," என்றாள். "அப்ப அவன் பொய்தான் சொல்லிருக்கான்."

கர்ட் வாயைத் திறந்தான்.

இதற்குமேல் நான் எழுதினால் சொன்னது நானாகிவிடும், அவன் இல்லை. அவனை உருவாக்கியவன் நான், அவனுக்காகப் பேசும் உரிமை எனக்கு இல்லை. உங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். மிதவையில் ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு நேரமில்லை. மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, கார் சாவியை இடது கையில் பிடித்தபடி, வலது கையால் நாலாவதைப் பிடிக்கிறாள்.