குளிர் படாத அறை

திருகோணமலைப் பக்கம் வீடுகளை வெயிலை நினைத்துத்தான் கட்டுவார்கள். சுவர் முடியும் இடத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் வெளி விட்டிருப்பார்கள். சித்திரையில் அந்த வெளியால் வரும் காற்றுக்கு ஈடில்லை. கார்த்திகையில் வாடை எழும்பினால் அதே வெளியால் மழைத்தூவானம் உள்ளே வரும். பாய் ஈரம், தலையணை ஈரம், துவைத்த சீலை நாலு நாளானாலும் காயாது. சனங்கள் குசினி அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து மாரியைக் கழிப்பார்கள்.

நான் கிண்ணியாவில் அரசாங்க மருத்துவமாதாக ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அந்த ஒன்பது வருடத்தில் வாடையை வாசலோடு நிறுத்திய வீடு ஒன்றைத்தான் கண்டேன். அது முனாபின் வீடு.

முனாப் பாதையில் வேலை செய்தவர். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடக்கும் அந்தப் பெரிய மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்து இழுக்கும் நாலு பேரில் அவர் ஒருவர். நான் திருகோணமலைப் பக்கக் கரையில் குடியிருந்ததால் கிழமைக்கு நாலைந்து தரம் அவருடைய கையால்தான் அக்கரை போவேன். "மிசி, நடுவில நில்லுங்க" என்பதைத் தவிர அதிகம் கதைக்கமாட்டார். மருத்துவமாதை அங்கே மிசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அறுபத்தைந்தாம் ஆண்டு மார்கழியில் அவருடைய மனைவி றஹ்மாவுக்கு முதற்பிள்ளை கிடைத்தது. ஆண். மாதம் நிரம்பவில்லை, நாலு இறாத்தலும் இல்லை. பதினோராம் நாள் விடிய நான் போனபோது பிள்ளை இறந்திருந்தது. முனாப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மிசி?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. ஆனால் கேட்கிற மனிதனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. "குளிர் பட்டிட்டுது" என்றேன்.

இரண்டு வருடம் கழித்து, அதே மார்கழியில், றஹ்மா பெண்பிள்ளை ஒன்றைப் பெற்றாள். சுகப்பிரசவம், ஆறு இறாத்தல். பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்த பிறகுதான் அந்த அறையைக் கவனித்தேன். சுவருக்கு மேலிருந்த வெளி முழுவதும் களிமண்ணும் தென்னந்தும்பும் குழைத்து அடைக்கப்பட்டிருந்தது. யன்னலுக்குப் பலகை அடித்து, மேலே பழைய கித்தான் படங்கு ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டிலுக்கடியில் மண்சட்டியில் கொஞ்சம் கரி கனன்றது. கதவு திறந்திருந்தது.

"ஒரு வருசமா இதத்தான் செய்தார்" என்றாள் றஹ்மாவின் அக்கா ஸுல்பிகா. "வேலையால வந்தா மண்ணக் குழைக்கிறதும் பூசுறதும்தான்."

முனாப் வாசலில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறீங்கள்" என்றேன். "பிள்ளைக்குக் குளிர் படாமப் பாருங்கோ."

அன்றிரவே பெருமழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மகாவலித் தண்ணீர் குடாவுக்குள் இறங்கி, நீரிணையில் இழுவை கூடி, பாதையை நிறுத்திவிட்டார்கள். நாலாம் நாள் காலை பத்து மணிக்குத்தான் முதற்பாதை விட்டது. நான் பையோடு ஏறினேன். முனாப் வடத்தைப் பிடித்திருந்தார். அன்றைக்கு அவராகவே கதைத்தார்.

"வாடைக்கு ஊரே நடுங்குது மிசி. எங்கட அறைக்குள்ள வெயில் காலம் மாதிரி. இப்ப ரெண்டு சட்டி வெக்கிறன்."

"கதவு திறந்துதானே இருக்கு?"

"இல்ல மிசி, அதால காத்து வருதெண்டு நேத்துச் சாத்திட்டன். கீழால வாற காத்துக்குச் சாக்கு வெச்சிருக்கு."

"றஹ்மா எப்படி?"

"விடியத் தலையிடி எண்டா. மத்தப்படி சுகம். புள்ள நல்ல நித்திரை. பாலுக்கும் எழும்பிறதில்ல."

பாதை நடு நீரில் நின்றது என்றே சொல்லலாம், அவ்வளவு மெதுவாக அசைந்தது. மூடிய அறையில் கரிநெருப்பின் நச்சுவாயு என்ன செய்யும் என்று பயிற்சிக் காலத்தில் படித்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தூக்கம்போல வரும். அதை யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"தம்பி, கெதியா இழுங்கோ" என்றேன். "அந்தக் கதவைத் திறக்க வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வடத்தின் மேல் குனிந்து இழுக்கத் தொடங்கினார். மற்ற மூவரும் அவரைப் பார்த்துவிட்டுச் சேர்ந்து இழுத்தார்கள். பாதை கரையில் முட்ட முன்னரே அவர் தண்ணீரில் குதித்து ஓடினார். நான் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு பின்னால் ஓடினேன்.

குசினியில் ஸுல்பிகா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் நித்திரை, எழுப்பாதீங்க" என்றாள்.

முனாப் கதவைத் தள்ளினார். சாக்கு இறுகியிருந்ததால் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. சூடு முகத்தில் அடித்தது. நான் பிள்ளையைத் தூக்கினேன். கையில் துணி மாதிரிக் கிடந்தது. அவர் றஹ்மாவை வாரியெடுத்து வந்து விறாந்தையில் கிடத்திவிட்டு, திரும்பிப் போய் யன்னல் பலகையை உதைத்து உடைத்தார்.

விறாந்தையில் தூவானம் அடித்தது. பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். மூச்சு இருந்தது, ஆனால் விட்டுவிட்டு, அரிதாக. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். முனாப் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வாடைப் பக்கமாக எங்களுக்கு மறைப்புப் பிடித்தார்.

"எடுங்கோ அதை. காத்து வரட்டும்."

"குளிருமே மிசி."

"குளிரட்டும்."

அவர் சாக்கைக் கீழே விட்டார். முதலில் றஹ்மா வாந்தியெடுத்துக் கண் திறந்தாள். எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, பிள்ளை முகத்தைச் சுளித்தது, பிறகு பூனைக்குட்டிபோல ஒரு சத்தம், பிறகு அழுகை. ஸுல்பிகா விறாந்தைத் தூணைப் பிடித்தபடி அப்படியே கீழே இருந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு மாட்டுவண்டியில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளையைப் பரிசோதித்த டாக்டர், இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். வெளியே மர வாங்கில் முனாப் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீங்கதானே சொன்னீங்க மிசி, குளிர் படாமப் பாக்கச் சொல்லி."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தான் எங்கே தவறினேன் என்று தேடுகிற குரல்.

"ஓம், நான்தான் சொன்னனான்" என்றேன். "எப்படியெண்டு சொல்லித் தரேல்ல. கரிச்சட்டியைக் கண்டும் பேசாமப் போனனான். பிழை என்னில."

அவர் மழையைப் பார்த்தார். "அப்ப மூத்தவன்? அவனுக்குக் குளிர்தானே?"

அந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று நான் நினைத்ததில்லை. ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது தம்பி. அண்டைக்கும் தெரியாது. மாசம் நிரம்பாத பிள்ளை, மிச்சம் சின்னன். மூச்சுப்பை முற்றாமலும் இருந்திருக்கலாம். நீங்கள் கேட்டதுக்கு ஏதோ ஒண்டு சொல்ல வேணுமெண்டு சொல்லிப்போட்டன். உங்கட வீட்டில ஒரு பிழையும் இருக்கேல்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக அந்த மனிதன் தன் வீட்டுச் சுவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். எழும்பிப் போய் வார்ட் வாசலில் நின்றார். கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் நியாயம்தான்.

அவர்கள் வீடு திரும்பிய பிறகு நான் போனபோது, முனாப் ஏணியில் நின்று தெற்குச் சுவருக்கு மேலே பூசியிருந்த களிமண்ணை உளியால் தட்டிக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் அப்படியே இருந்தது.

"இவ்வளவு திறந்தாக் காணுமா மிசி?" என்று கேட்டார்.

"காணும். நெருப்பு குசினியில இருக்கட்டும். செங்கல்லைச் சுடவைச்சு, துணியில சுத்திக் கால்மாட்டில வையுங்கோ. பிள்ளையைத் தாயின்ர நெஞ்சோட சேர்த்து, மேல போர்த்தினாப் போதும். அதை விடச் சூடு வேற ஒண்டுமில்ல."

இந்த முறை ஒவ்வொன்றையும் செய்து காட்டினேன். செங்கல்லை முதலில் என் புறங்கையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு சூடு என்று அவருடைய கையிலும் வைத்தேன். கவனமாகப் பார்த்தார். றஹ்மா பிள்ளையை நெஞ்சில் போட்டு, காலிரண்டையும் நீட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பின்னால் யன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. மழை விட்டிருந்தது.

"இவளுக்கு மூக்கு ஸுஹைர் மாதிரி" என்றாள் றஹ்மா.

யார் ஸுஹைர் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மூத்தவனுக்கு ஏழாம் நாள் பெயர் வைத்திருப்பார்கள். நான் அதைக் கேட்டதே இல்லை. அந்த வீட்டில் இரண்டு வருடமாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லவுமில்லை என்று ஸுல்பிகாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

முனாப் உளியை வைத்துவிட்டு ஏணியால் இறங்கி வந்து, பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"இல்ல" என்றார் மெதுவாக. "அவன்ட மூக்கு உன்ட மூக்கு. இது என்ட."