நாற்பத்தொன்றாம் நிமிடத்துப் பெண்

தன் படத்துக்கு வந்த கருத்துகளைத் தம்பி தானே படிக்க மாட்டான். நான் படிக்க வேண்டும், அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பான். படம் இணையத்தில் ஏறிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்கால வேலை இதுதான். படத்தின் பெயர் ‘இரவல் ரத்தம் – இரண்டாம் பாகம்’. ரத்தக்காட்டேரிப் படம். முதல் பாகத்தையே யாரும் கேட்காதபோது இரண்டாம் பாகம் எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இரண்டு தரம் வைத்துக்கொள்ளலாம் என்று அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பிழைப்பே புகார் கேட்பதுதான். ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போன் எடுக்கிற வேலை. ஐஸ் உறையவில்லை, கதவு மூடவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது என்று ஊரார் திட்டுவதை எல்லாம் “புரியுது சார், புரியுது மேடம்” என்று எட்டு மணி நேரம் வாங்கிக்கொள்வேன். அடக்கி வைத்ததை எங்கேயாவது கொட்ட வேண்டாமா? பஸ்ஸில் காலை மிதித்தவன் செத்தான். கியூவில் நடுவில் நுழைந்தவனை நான் மூன்று நிமிடம் பொறுத்ததாகச் சரித்திரமே இல்லை. வாய் நீளம் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர். இருக்கட்டும், அதுவாவது நீளமாக இருக்கட்டும்.

ஆனால் மோசமானதை நல்லதாக மாற்றிச் சொல்வது எனக்கு அலுவலகத்தில் பழகிய வித்தை. “படம் பயங்கரம், பாதியில நிறுத்திட்டேன்” என்று ஒருவர் எழுதியிருந்தார். “படம் பயங்கரம்” என்று படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? “முதல் பாகத்துல கதை இல்ல, ரெண்டாம் பாகத்துல அதுவும் இல்ல” என்று இன்னொருவர். “முதல் பாகத்தையும் ஞாபகம் வெச்சிருக்காங்கடா” என்றேன்.

சிலவற்றை அப்படியே விழுங்கிவிட்டேன். “காட்டேரி கடிக்கறதுக்கு முன்னாடி பல்லை ஒருதரம் அமுக்கிப் பாத்துக்குது, பாவம்.” “ரத்தம் ஜாம் மாதிரி இருக்கு, அடுத்த ஷாட்ல ரொட்டி வரும்னு காத்திருந்தேன்.” “நடு ராத்திரின்னு போடறாங்க, வெளியில காக்கா கத்துது.” எல்லாம் உண்மை. பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டித்தான் எடுத்தான். ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. “வவ்வால்னு காட்டறது குடைதானே? கம்பி தெரியுது” என்று ஒரு தறுதலை எழுதியிருந்தான். அது என் குடை. மூன்று மழைக்காலம் தாங்கிய நல்ல குடை. அதைப் பற்றிப் பேச இவன் யார்?

இப்படிச் சிரிக்கிறவர்கள் முதல் பாகத்திலும் சிரித்தார்கள். அதில் அப்பா பிணமாக நடித்தார். காட்டேரி கடித்துப் போட்ட முதல் ஆள் அவர்தான். பன்னிரண்டாவது நிமிடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் அவர் வயிறு ஏறி இறங்குவது நன்றாகவே தெரியும். “பிணம் மூச்சு விடுது” என்று எழுதியவருக்கு எண்ணூறு பேர் கை தட்டியிருந்தார்கள். தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்பாவோ அதை என்னிடம் மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“பிணமாவே நடிச்சாலும் நடிப்புல உயிர் இருக்கணும்டா” என்றார்.

அதிலிருந்து தம்பி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். மற்றவர்கள் ஆக்‌ஷன் என்று சொல்கிற இடத்தில் இவன், “யாரும் மூச்சு விடாதீங்க” என்பான்.

போன வெள்ளிக்கிழமை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். மாமா வேறு ஊரில் ஒரு குடோனில் சூப்பர்வைசர் வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அக்கா, நீ ஜோடிச்சுப் படிக்கறேன்னு எனக்குத் தெரியும். பரவாயில்ல. ஆனா இப்ப உண்மையச் சொல்லு. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், மனசாரப் பாராட்டி எழுதியிருக்காங்களா? இருந்தா இங்கேயே இருக்கேன். இல்லைன்னா கேமராவத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுக் கிளம்பறேன்.”

“பாத்துச் சொல்றேன்” என்றேன்.

பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒருவர் இல்லை, நூற்றுக்கணக்கானவர்கள். அத்தனையும் ஒரே இடத்தைப் பற்றி. அதைத்தான் என்னால் அவனுக்குப் படித்துக்காட்ட முடியாது.

ரத்தக்காட்டேரிக்குக் கண்ணாடியில் பிம்பம் தெரியாது அல்லவா? நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் அது ஆளுயரக் கண்ணாடி முன்னால் வந்து நிற்கும், கண்ணாடியில் காலி அறை தெரிய வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டால் எதிரில் நிற்கிறவன் தெரிய மாட்டான், பக்கத்தில் இருக்கிற அறைவாசல்தான் தெரியும். அந்த வாசலில் யாரும் நிற்கக் கூடாது. நான் நின்றேன். படத்தில் கண்ணாடியின் ஓரத்தில், அரை இருட்டில், ஒரு பெண் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கிறாள்.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. “41வது நிமிஷம் கண்ணாடியப் பாருங்க, ரத்தம் உறைஞ்சிடும்.” “காட்டேரிய விட இந்தம்மாதான் பயமா இருக்கு.” அவள் காட்டேரியின் முதல் மனைவி என்றார்கள், அதைப் பெற்றவள் என்றார்கள், இல்லை இல்லை எமனின் தங்கை என்று ஒருவர் நிரூபணமே எழுதியிருந்தார். வேறொரு சமயமாக இருந்தால் எமனின் தங்கை என்றவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

நான் ஏன் அங்கே நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாதது.

படப்பிடிப்பின் கடைசி நாள், கடைசி ஷாட். இரவல் வாங்கின வீடு. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காட்டேரியாக நடித்தவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், நல்ல உயரம், அன்று ஒரு நாள்தான் அவருக்கு லீவு. பல் ஒட்டுகிற பசை தீர்ந்து, டியூபைக் கத்தரித்து வழித்துத்தான் ஒட்டியிருந்தார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம். காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். நன்றாகப் பேசினார், இந்தப் பாகத்தில் தனக்குப் பிண வேஷம் இல்லையா என்று கூடக் கேட்டார்.

நான்கு மணிக்குமேல் எனக்குப் போன் வந்தது. வார்டு நர்ஸ். “மூச்சு இறங்கிட்டே வருதுங்க. உடனே வந்துடுங்க.”

ஓடினேன். ஷாட் எடுக்கிற அறைவாசலுக்கு வந்து வாயைத் திறக்கப் போனேன். உள்ளே தம்பி என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி, “யாரும் மூச்சு விடாதீங்க” என்றான். கேமராவுக்குப் பின்னால் அவன் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. மூன்று வருடம் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சேர்த்த படம். சின்ன வயதில் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கீழே பார்த்தபடியே நடப்பான், அந்த முகம். இது முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது. “இன்னொண்ணு” என்றான். அதில் காட்டேரிக்குப் பல் கழன்று விழுந்தது. “கடைசியா ஒண்ணு” என்றான். நான் நின்றேன். அவன் “முடிஞ்சுது!” என்று கத்தி லிஃப்ட்காரரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னேன்.

“இப்பத்தான்டா போன் வந்துச்சு. அப்பாவுக்கு முடியல.”

வேஷத்தைக் கலைக்கக்கூட நேரம் இல்லாமல் லிஃப்ட்காரர் தன் வண்டியில் எங்களைக் கொண்டுபோனார். கறுப்பு அங்கியும் மோவாயில் ஜாமுமாக அவர் வார்டுக்குள் ஓடி வந்ததைப் பார்த்து நர்ஸ் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

“இப்பத்தான் போனாரு” என்றாள். “பத்து நிமிஷம்கூட ஆகல.”

அவள் சொன்ன ‘இப்பத்தா’னும் நான் சொன்ன ‘இப்பத்தா’னும் சேர்ந்து எட்டு மாதமாக என் தூக்கத்தைத் தின்கின்றன. ஒரு மகனுக்கு அப்பாவின் முகத்தைக் கடைசியாகக் காட்டாமல் வாசலில் நின்றவள் நான்.

வெள்ளிக்கிழமை இரவு எல்லாக் கருத்துகளையும் வரிவரியாகப் பார்த்தேன், வேறு எதையாவது பாராட்டியிருக்க மாட்டார்களா என்று. அங்கேதான் அது இருந்தது.

“இருபது வருஷமா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறேன். கண்ணாடியில தெரியற முகத்தை எனக்குத் தெரியும். விஷயம் தெரிஞ்சும் இன்னும் சொல்லாம நிக்கறவங்க முகம். மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். இந்த ஒரு முகத்தைக் காட்டத் தெரிஞ்ச டைரக்டர் தயவுசெஞ்சு படம் எடுக்கறதை நிறுத்தக் கூடாது.”

பயந்துபோய் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ‘உண்மை விளம்பி’ என்று பொய்ப் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, “அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட வந்தவங்க, தவறிப்போய்த் தெரியறாங்க, விட்டுடுங்க” என்று எழுதினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். விடிவதற்குள் அதற்கு எழுபது பதில். “நீ யார்? அவங்க சொந்தக்காரனா? எதை மறைக்கற?” சனிக்கிழமை முழுக்க ஆட்கள் அந்த நிமிடத்தையே பார்த்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் தம்பி சட்டைகளைக் குவித்து வைத்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். “மாமா மூணு மணிக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்காரு. இருக்கா, இல்லையா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் ரகசியம் பத்திரமாக இருக்கும், அவன் குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டு கிடப்பான். ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு அப்பாவை அவனிடமிருந்து எடுத்தேன். இன்னொரு தரம் மூடினால் இதையும் எடுத்துவிடுவேன். போனை எடுத்து அந்த ஆஸ்பத்திரிக்காரர் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். ஜோடிக்கவில்லை. படித்து முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் போய்வருகிற சத்தம் நிற்கவில்லை.

“நாலு பத்துக்குப் போன் வந்துச்சு” என்றான்.

“என்னது?”

“அன்னிக்கு உன் போன்லேர்ந்துதானே சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொன்னேன். வந்த கால் லிஸ்ட்ல மேல ஆஸ்பத்திரி நம்பர் இருந்துது. நாலு பத்து. நீ என்கிட்ட சொன்னது நாலு இருபத்தொண்ணுக்கு. நடுவுல நீ எங்க போனேன்னு எனக்குப் புரியல. எடிட்டிங்ல உக்காந்தப்பறம்தான் கண்ணாடியில பாத்தேன்.”

“பாத்தியா?”

“படத்தை வெட்டி ஒட்டினது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா? ஒவ்வொரு ஷாட்டையும் இருநூறு தரம் பாத்திருக்கேன். மொத டேக்ல வாசல் காலி. ரெண்டு, மூணு, நாலுல நீ நிக்கற.” சட்டையைத் திருப்பிப் போட்டான். “ஒரு வாரம் மெஷினையே தொடல. உன் மேல அவ்வளவு கோவம். அப்புறம் மொத டேக்கையே வெச்சேன், அது சுத்தமா இருந்துது. வெச்சுட்டுத் தூங்க முடியல. கியூவுல மூணு நிமிஷம் பொறுக்காதவ, வாயைத் திறக்காம மூணு டேக் நின்னிருக்க. அதை எப்படி வெட்டித் தூக்கிப் போடறது? நாலாவதையே வெச்சுட்டேன்.”

“அடப்பாவி! எட்டு மாசமா ஏண்டா சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ மூச்சு விடல. நானும் விடல.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “பத்து நிமிஷம்கூட ஆகலன்னு அந்த நர்ஸ் சொன்னாடா. நான் உடனே சொல்லியிருந்தா...”

“இரு.” பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “ரெண்டாவது டேக்கே நல்லா இருந்துது. அது முடிஞ்சப்போ கேமராவுல மணி நாலு பதினாலு. அதுக்கப்புறம் எடுத்தது ரெண்டும் என் பேராசை. பதினொரு நிமிஷத்துல உன்னுது நாலுதான். மிச்சம் ஏழும் என்னுது. அதையும் சேத்து நீயே வெச்சுக்கிட்டா எப்படி அக்கா?”

அவன் என் கையிலிருந்த போனை வாங்கி, மாமாவின் எண்ணை அழுத்தி, என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

“வரலைன்னு சொல்லிடு. அவரைச் சமாளிக்க உன் வாய்தான் சரி.”

மாமா எடுத்துவிட்டார். “என்னம்மா, என்ன முடிவு பண்ணான்?” என்றார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா?” என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

தம்பி என் தோளில் கை வைத்தான்.

“ஷாட் முடிஞ்சுது அக்கா. இப்ப மூச்சு விடலாம்.”