பானெட்டின் மேல் கற்பூரம்

1

"பூசையில வெச்ச சாமான இன்னிக்கே எடுத்தா இன்னா ஆவும், நாகு?"

நாகப்பன் தன் தங்கையிடம் இப்படிக் கேட்டது ஓர் ஆயுத பூஜை நாளில், பாடி என்கிற ஊரில் லாரிகள் திரும்புகிற வளைவுக்குப் பின்னால் இருந்த அவன் வேலை பார்த்த கஜபதி மேஸ்திரியின் கார் பெயிண்டுப் பட்டறையில். நாகவல்லி எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். அந்த வீட்டில் அதுவே பெரிய படிப்பு என்பதால் எந்தச் சந்தேகமும் அவளிடம்தான் வரும். அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. நாலு ஆண்கள் நிற்கிற இடத்தில் அவளுக்கு வாய் திறக்காது. சொல்லாமல் விட்டது உள்ளே கிடந்து உறுத்தியதில் பிறந்ததுதான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் இல்லை.

(எழுதுகிறவள் யார் என்று கேட்பீர்கள். நாகவல்லியைக் கற்பனைப் பெண்ணாகவே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறவள் முதலில் நினைத்தாள். ஆனால் இருவருக்கும் ஒரே அண்ணன். மறைக்க வழியில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'அந்தக் கறுப்பு அம்பாசிடர் இரவு வானத்தைப் போல'

வேண்டாம். தேய்த்து முடித்த கறுப்புக் கார் எதைப் போலவும் இருக்காது. எதிரில் எது நிற்கிறதோ அதுவாக இருக்கும். தகரக் கூரை, வேப்பங்கிளை, வாசலில் எட்டிப் பார்த்த ஆட்டின் தாடி எல்லாம் அதற்குள் இருந்தன.

அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று தெரியாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு உறைக்காது. பெயிண்டு காய்ந்ததும் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கார் முழுக்க இழைக்க வேண்டும். இருந்த மினுமினுப்பும் அப்போது செத்துப்போகும். காரின் சொந்தக்காரர் பார்த்தால் சண்டைக்கு வருவார். அப்புறம் காம்பவுண்டு என்கிற களிம்பை வைத்து வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். விளிம்பில் கை கொஞ்சம் அழுந்தினாலும் கறுப்பு போய் அடிப்பூச்சின் செங்கல் நிறம் பல்லிளிக்கும். கடைசியில் மெழுகு பூசி, பழைய பனியன் துணியால் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். இந்த வேலையில் நிற்கும்போது நாகப்பன் பெல்ட் போட மாட்டான். சட்டைப் பொத்தான்கூடக் காரில் உரசாதபடி வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பான்.

3

கார் ஜானகிராமனுடையது. அவர் ஒரு தொழிற்சாலையில் பெயிண்டு பிரிவுக்கு அதிகாரி. வண்டியை விடும்போது நாகப்பனை வைத்துக்கொண்டே மேஸ்திரியிடம் சொல்லியிருந்தார்: "பூஜை அன்னிக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். குறை இருந்தா அங்கேயே சொல்லிடுவேன். ஒண்ணும் சொல்லலேன்னா, திங்கக்கிழமை இந்தப் பையனை எங்க ஃபாக்டரி கேட்டுக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க."

மழை வந்தால் பட்டறையில் பெயிண்டு அடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நாகப்பன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பான். அடுப்பும் பாதி நாள் அப்படித்தான். தொழிற்சாலைக்கு மழை கிடையாது.

கார் தயாராக நின்றது. மேஸ்திரி பூஜை போட்டார். காம்பவுண்டு டப்பா, உப்புத்தாள், துணிகள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் ஏற்று மாலைக்குக் கீழே உட்கார்ந்தன. சுண்டல் கொண்டுவந்த நாகவல்லியின் கையில் திருநீறு, குங்குமத் தட்டைக் கொடுத்து எல்லோருக்கும் காட்டச் சொன்னார்கள். மேஸ்திரி ஒரு வெற்றிலையைப் பானெட்டின் மேல் போட்டார். அதில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்.

கற்பூரம் அணைந்ததும் வெற்றிலையை எடுத்தார்கள். அது இருந்த இடத்தில் சூட்டில் கறுப்பு மங்கி, ஆவி படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. இலையின் காம்புகூடப் பதிந்திருந்தது.

4

இந்த இடத்தில் கஜபதி மேஸ்திரியைக் கெட்டவராக்கி ஒரு பக்கம் எழுதப்பட்டது. வேண்டுமென்றே செய்தார், நல்ல வேலைக்காரனை விட மனமில்லாமல் செய்தார் என்று. படித்துப் பார்த்தால் பொய்யாக இருக்கிறது. அவர் லாரிக்குக் கூண்டு கட்டுகிற இடத்திலிருந்து வந்த மனிதர். லாரி முகத்தில் கற்பூரம் ஏற்றாமல் எந்த லாரியும் கிளம்பாது. கரி பிடித்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டார். மங்கலைப் பார்த்ததும் அவர் முகம்தான் முதலில் வெளுத்தது.

ஆனாலும் சாமானைத் தொட விடவில்லை. மறுநாள் காலை படையலை எடுக்கிறவரை எதுவும் நகரக்கூடாது. புதுக் காம்பவுண்டு வாங்கலாமென்றால் கடைகளும் பூஜை போட்டு அடைத்தாயிற்று. அப்போதுதான் நாகப்பன் தங்கையிடம் வந்து, மெதுவாக, அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அதற்கு எழுதிய பதில்:

நாகவல்லி நிமிர்ந்து நின்றாள். 'அண்ணா, கருவிதானே பூஜையில் இருக்கிறது, உன் கை இல்லையே' என்று கணீரென்று

இல்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்தது இதுதான்: தட்டிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்தாள். அந்தப் பித்தளைத் தட்டின் விளிம்பிலேயே வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். வீட்டில் விளக்குத் தேய்க்கிற கைதான். கறுத்திருந்த விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பொன் நிறம் வந்தது. தட்டை அண்ணன் பக்கம் நீட்டினாள்.

நாகப்பன் அதைப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த பனியனையும் கழற்றினான். துவைத்துத் துவைத்து நைந்த பனியன்.

5

பட்டறையில் லாரிக்கு எழுத்து எழுதுகிற துலுக்கானத்துக்கு வாய் சும்மா இருக்காது. "மாமே, காருக்குத் துன்னூறு பூசப் போறியா? அப்டியே காது குத்தி மொட்டையும் போட்டுடு" என்றான். யாரும் சிரிக்காததால் அடுத்ததைக் கேட்டான்: "அதுவும் பூசையில வெச்சதுதானே?"

"அது எடுத்துக்கினு போவத்தாண்டா வெக்கிறது" என்றான் நாகப்பன்.

மேஸ்திரி எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

திருநீற்றைத் துணியில் சலித்து, சாமி விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் குழைத்து, பனியன் முனையால் நாகப்பன் தேய்த்தான். கை அழுந்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. முதலில் காம்பு மறைந்தது. பிறகு இலையின் நுனி. அப்புறம் வெகுநேரம் எதுவும் மாறவில்லை. (இங்கே ஒரு வர்ணனை இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர யாரும் ஒன்றும் செய்யாததால் எடுத்துவிடப்பட்டது.) துலுக்கானம்கூடப் பேச்சை விட்டுவிட்டு, பானெட்டில் ஈ உட்காராமல் துண்டால் விசிறினான். கடைசியில் நாகப்பன் நிமிர்ந்தபோது அந்த இடத்தில் வேப்பங்கிளை வந்திருந்தது. நாகவல்லி அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன.

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் உண்டு. ஒன்றில் ஜானகிராமன் குனிந்து பார்த்து, 'இது என்னப்பா' என்கிறார். அதை எழுதிய கையோடு அடித்தாயிற்று. இன்னொன்றில் நாகப்பனைக் கட்டிக்கொண்டு கண் கலங்குகிறார். அவர் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

ஆகவே நடந்தபடியே எழுதிவிடுவது உத்தமம். வெயில் சாய்ந்தபின் ஜானகிராமன் வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டின் முன்னால் நின்றார். பானெட்டும் மட்கார்டும் சேருகிற இடுக்கில் துணி போகாத ஓர் இடம். அங்கே கொஞ்சம் திருநீறு தங்கியிருந்தது. அவர் விரலை அதில் வைத்து எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார். நாகப்பன் வெற்று உடம்பின் மேல் மாட்டிய சட்டையோடு, வயிற்றை எக்கிக்கொண்டே நின்றான்.

பூஜையில் சிந்தியது என்று நினைத்தாரா, தொழில் தெரிந்தவர் என்பதால் நடந்தது முழுக்கப் புரிந்துவிட்டதா என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எதுவானாலும் சரி.

ஜானகிராமன் அந்த விரலை நெற்றியில் இட்டுக்கொண்டார். கதவைத் திறந்து உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார்.