நினைவூட்டல் பட்டியல் நிரம்பிவிட்டது

ஒரே வீட்டுக்கு, ஒரே புகாருக்கு, மூன்றாவது தடவை போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். செட்-டாப் பாக்ஸ் பழுது பார்க்கிற வேலையில் எனக்குப் பதினாலு வருடம் ஆகிறது. மூன்றாவது தடவை போனால் அலுவலகப் பலகையில் நம் எண்ணுக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார்கள். பதினாலு வருடமாக என் வரிசையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

புகார் இதுதான்: "பார்த்துக்கிட்டிருக்கும்போதே சேனல் தானா மாறுது." புகார் கொடுத்தது அந்த வீட்டு மகள். கல்யாணமாகி வேறு இடத்தில் இருக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவள். வீட்டில் இருப்பது அவளுடைய அப்பாவும் அம்மாவும்தான். அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து எட்டு மாதத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர்.

முதல் தடவை போனபோது ரிமோட்டை மாற்றினேன். இரண்டாம் தடவை பெட்டியையே மாற்றினேன். இரண்டு தடவையும் அந்த இருவரும் சோபாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்து, வாயைத் தைத்துக்கொண்டவர்கள்போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எந்த நேரத்துல மாறுது சார்?" என்று கேட்டால் அவர் விட்டத்தைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றால் அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புதுப் பெட்டியைப் பொருத்தி முடித்ததும், "நல்லாருக்கு" என்றார் அவர். "நல்லாருக்கு" என்றார் அம்மாவும். இரண்டும் என்னிடம் சொன்னவை.

மூன்றாம் தடவை போனது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு. அறிவிப்பாளர்தான் கதவைத் திறந்தார். கூடத்தில் ஒரு பெரிய பயணப் பெட்டி, ஒரு தோள்பை, ஒரு குடை. உள்ளே அலமாரி திறந்து மூடுகிற சத்தம். அதையெல்லாம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

"சார், இன்னிக்கு அது மாறுறதை என் கண்ணால பார்க்காம இங்கேர்ந்து நகர மாட்டேன்" என்று சொல்லி டிவிக்கு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதிக நேரம் காத்திருக்கவில்லை. செய்தி ஓடிக்கொண்டிருந்த திரையின் அடியில் ஒரு நீலக் கட்டம் எழும்பியது. 'அடுத்து: தொலைதூர ரயில் பயணங்கள். பார்க்கவா, தவிர்க்கவா?' பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. யாரும் எதையும் அழுத்தவில்லை. பூஜ்யம் வந்ததும் சேனல் தானாக மாறி, ஒரு ரயில் பனிமலைக்குள் நுழைந்தது.

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "சார், இது கோளாறே இல்ல! நினைவூட்டல் வசதி. நிகழ்ச்சிப் பட்டியல்ல போய் ஒரு நிகழ்ச்சியைக் குறிச்சு வெச்சா, அந்த நேரத்துக்குப் பெட்டியே அந்தச் சேனலுக்குப் போயிடும். யாரோ குறிச்சு வெச்சிருக்காங்க!"

நான் ரிமோட்டை வாங்கி, முடிந்துபோன நினைவூட்டல்களின் பட்டியலைத் திறந்தேன். நீளமான பட்டியல். சத்தமாகவே படித்தேன்.

திங்கள் ஒன்பதரை, 'குறட்டையும் அதன் விளைவுகளும்'. திங்கள் பத்து, 'பெண்களுக்கு ஏன் கோபம் வருகிறது? ஒரு விவாதம்'. செவ்வாய் ஏழு, 'குப்பை மேலாண்மை: நம் கடமை'. ஏழரை, 'முதுகுவலிக்கு ஓய்வே மருந்து'. எட்டேகால், 'காட்டின் சோம்பேறிகள்'. புதன் மதியம் ஒன்றரை, 'உப்பளத் தொழிலாளியின் ஒரு நாள்'. இரண்டு மணி, 'நாக்கு: ஓர் அதிசய உறுப்பு'.

"மெதுவா படிங்க தம்பி" என்றார் அவர், உள்ளறைப் பக்கம் பார்த்தபடி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது பட்டியல் இல்லை. சண்டை. புருஷனும் பெண்டாட்டியும் நிகழ்ச்சித் தலைப்புகளால் ஒருவரை ஒருவர் விளாசிக்கொண்டிருக்கிறார்கள். குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறார் அம்மா, முதுகு வலிக்கிறது என்கிறார் ஐயா. இதை மறைக்கத்தான் இரண்டு பேரும் கல்லாக உட்கார்ந்து, நல்ல பெட்டியைக் கழற்றிப்போக என்னை விட்டிருக்கிறார்கள்.

"எத்தனை நாளா சார்?"

"பேச்சு நின்னு எட்டு மாசம். இது ஆரம்பிச்சு ஆறு மாசம். முதல்ல அவதான் குறட்டையைப் போட்டா. நான் சும்மா இருப்பேனா?"

"அப்படி என்ன சார் நடந்துச்சு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ரயில் நிலையக் குரல் தாழ்ந்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மனைவிக்கு மருத்துவமனையில் வழியனுப்பு விழா. கணவரும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். "மைக் கைக்கு வந்துட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது தம்பி. முக்கால் மணி நேரம் பேசிட்டேன். அவ ஊசி போடுறதைப் பத்தி நாலு ஜோக் வேற. எல்லாரும் சிரிச்சாங்க. நான் முடிக்கும்போது அடுத்த கூட்டத்துக்காரங்க வந்து நாற்காலியைத் தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவ ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்கு வந்து, 'இனிமேலும் நீங்களே பேசிக்குங்க'ன்னா. அவ்வளவுதான்."

எனக்கு அந்த அம்மா மேல் பாவமாக இருந்தது. இவர் மேல் கோபம் வந்தது. "மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே சார்? வராத ரயிலுக்கெல்லாம் முப்பது வருஷம் மன்னிப்புக் கேட்டவர் நீங்க!"

"அது எழுதிக் குடுத்தது தம்பி."

அந்த எட்டு மாதத்து ஊமை நாடகம் அன்றோடு முடிய இருந்தது. பதினோரு மணிக்கு டாக்ஸி. அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போகிறார். அங்கேயே இருந்துவிடப் போவதாக மகளிடம் போனில் சொன்னதை இவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். ரயில் நிகழ்ச்சி, 'நான் கிளம்புகிறேன்' என்று அம்மா இவருக்குச் சொன்ன செய்தி.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு மணிக்குள்ள 'போகாதே'ங்கற மாதிரி ஏதாவது நிகழ்ச்சி இருக்கான்னு பாருங்க தம்பி. நான் காலையிலேர்ந்து தேடுறேன். கண்ணு தெரியல."

சிவப்புப் புள்ளி மறந்துபோய்விட்டது. நானூற்று இருபது சேனல்களையும் ஒன்றுவிடாமல் அலசினோம். 'அங்கே போகாதே' என்று ஒரு பேய்ப் படம் இருந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு. அதற்குள் அம்மா ரயில் ஏறிப் போயிருப்பார். பத்தரைக்கு 'தங்கும் விடுதி நடத்துவது எப்படி?' இருந்தது. "தங்கு"தானே முக்கியம் என்றேன் நான். அவர் முறைத்தார். பத்தே முக்காலுக்கு ஒன்று அகப்பட்டது: 'குரங்குகள் மன்னிப்புக் கேட்குமா?'

"இது எப்படி சார்?"

"என்னைக் குரங்குன்னு நானே சொல்லிக்கணுமா?"

"நேரம் பத்து இருபது சார்."

"சரி, போடுங்க."

போட்டேன். போகவில்லை. திரை நடுவில் சிவப்பாக வந்தது: 'நினைவூட்டல் பட்டியல் நிரம்பிவிட்டது. புதியதைச் சேர்க்க ஒன்றை நீக்கவும்.'

இந்தப் பெட்டியில் இருபதுதான் குறிக்க முடியும். அதை யாரும் நிரப்பி நான் பார்த்ததில்லை. "நீங்க போட்டீங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். வரப்போகிறவற்றின் பட்டியலைத் திறந்தேன். இருபதும் அன்று விடிகாலையில் குறிக்கப்பட்டிருந்தன.

'பங்குச் சந்தை நிலவரம்'. 'காளான் வளர்ப்பு'. 'குழந்தைகளுக்கு எண்கள்'. 'இன்றைய வானிலை'. மறுபடி 'பங்குச் சந்தை நிலவரம்'.

அறிவிப்பாளர் முகம் வெளிறிவிட்டது. "பங்குச் சந்தையா? விழுந்துட்டேங்கறாளா? காளான்... ஒரே இடத்துல உட்கார்ந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்றா. எண்கள்... நாள் எண்ணிக்கிட்டிருங்கறாளா?"

"திட்டுறதுக்கு வானிலையை எதுக்கு சார் போடணும்?"

நான் தலைப்பை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி அது. இன்று இரவு எட்டு. நாளைக் காலை எட்டு, இரவு எட்டு. திங்கள் காலை எட்டு, இரவு எட்டு. வெள்ளி இரவு வரைக்கும் எட்டு, எட்டு, எட்டு. மொத்தம் பதின்மூன்று. என்ன நிகழ்ச்சி என்பதைப் பற்றிக் கவலையே படாமல், எட்டு மணிக்கு எது இருக்கிறதோ அதை அம்மா குறித்து வைத்திருந்தார்.

"சார், எட்டு மணிக்கு வீட்டுல என்ன?"

"மாத்திரை" என்றார். "சர்க்கரைக்கும் பிரஷருக்கும். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. பாட்டில் மூடியில போட்டு, தண்ணி டம்ளர் பக்கத்துல வெச்சிருப்பா. இந்த எட்டு மாசமும் வெச்சா. இன்னிக்குக் காலையிலகூட வெச்சா. எனக்கு எந்த மாத்திரை எதுக்குன்னே தெரியாது தம்பி."

மீதி ஏழும் அப்படித்தான். புதன் பத்து மணிக்கு 'நீர் எனும் செல்வம்', தண்ணீர் கேன் வருகிற நேரம். வியாழன் நான்கு மணிக்கு 'பார்வை', கண் டாக்டரிடம் போக வேண்டிய நாள். செவ்வாயும் வெள்ளியும் ஏழு மணிக்கு அதே குப்பை மேலாண்மை. கோபித்துக்கொண்டு கிளம்புகிற அம்மா விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்.

"அடுத்த சனிக்கிழமைக்கு?" என்று கேட்டார் அவர்.

"பெட்டியில இன்னிக்கோட சேர்த்து ஏழு நாள் நிகழ்ச்சிதான் சார் தெரியும். எட்டாவது நாள் இன்னும் தெறக்கல. அவங்களால முடிஞ்ச மட்டும் போட்டிருக்காங்க."

பட்டியலுக்கு மேலே அந்தச் சிவப்பு எச்சரிக்கை இன்னும் நின்றுகொண்டிருந்தது. குரங்கைச் சேர்க்க வேண்டுமானால் இந்த இருபதில் ஒன்றை அழிக்க வேண்டும். "எதை எடுக்கட்டும் சார்? வெள்ளிக்கிழமைக் குப்பையை எடுத்துடவா?"

"ஒண்ணையும் எடுக்காதீங்க" என்றார். சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

அதே நேரம் அம்மா கைப்பையோடு உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், திரையில் விரிந்திருந்த தன் பட்டியலைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான் பாவி.

அறிவிப்பாளர் கழுத்தை நிமிர்த்தினார், தொண்டையைச் செருமினார். "பயணிகளின் கவனத்திற்கு" என்று வந்துவிட்டது. பழக்க தோஷம். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரித்திருந்தால் என்னை அங்கேயே புதைத்திருப்பார்கள்.

அவர் மறுபடி செருமினார். இந்தத் தடவை குரல் சின்னதாக வந்தது.

"எட்டாவது நாளுக்கு யாரு போடுவா?"

பயணப் பெட்டியின் பிடியைப் பற்றியிருந்த அம்மா கையை எடுக்கவில்லை. நகரவும் இல்லை.

"அன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டு மைக்கை உன்கிட்ட குடுத்திருக்கணும். குடுக்கல. தப்புதான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். விளக்கம் இல்லை, ஜோக் இல்லை. மைக் கைக்கு வந்தால் நிறுத்தத் தெரியாத மனுஷன் வாயை மூடிக்கொண்டு, மனைவி பேசட்டும் என்று காத்திருந்தார். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அவசரப்படவே இல்லை. எட்டு மாதம் காத்திருந்தவருக்கு என்ன அவசரம்? கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எட்டாவது நாள் எப்ப தெறக்கும்?"

"நாளைக்குக் காலையிலம்மா."

அவர் கைப்பையை சோபாவில் வைத்தார். பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கீழ போய் டாக்ஸியை அனுப்பிட்டு வாங்க. நாளைக்கு அந்த எட்டாவது நாளைப் போட்டுட்டுக் கிளம்பறேன்."

அவர் செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினார். முதுகுவலிக்காரர் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

நாளைக்கு அந்த நாளைப் போட்டால், மறுநாள் இன்னொரு நாள் திறக்கும். அதற்கு மறுநாள் இன்னொன்று. அந்தப் பட்டியல் முடியவே முடியாது. அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் உறைத்தது, இருபதையும் ஒரு பிழையில்லாமல் குறித்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? நான் வாயை மூடிக்கொண்டு என் கருவிப் பையை எடுத்துக்கொண்டேன்.