பின்னால் சேர்த்த பன்னிரண்டு வசனங்கள்

1

இந்தக் கதை என் அக்காமேல் வந்த எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. அக்கா ஆதி கிறிஸ்தவக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்பவள். அப்பா போதகர். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் குறித்துவிட்டார். அப்பா வேண்டாம் என்கிறார். விசுவாசிகள் கை வைத்தால் நோய் தீரும் என்று வேதத்தில் இருக்கிறதாம். அம்மாவோ, "உங்கப்பா சரின்னா போறேன்" என்கிறாள்.

2

தொடக்கம் ஒன்று: கல்லறைக்குப் போன பெண்கள் விடியும் வேளையில்...

வேண்டாம். பிரசங்கம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: அக்கா சாப்பாட்டு மேசை முழுக்கப் பிரதிகளின் நகல்களைப் பரப்பியிருந்தாள். (தட்டு வைக்க இடமில்லை. இதை அடித்துவிடலாமா? இருக்கட்டும், எனக்குப் பசி.)

3

விஷயம் இதுதான். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சின்னது, மிகப் பழைய பிரதிகளில் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. சிலுவையில் இறந்தவரை வைத்த கல்லறை காலி. பார்த்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான்! இப்படியா முடிப்பது என்று பொறுக்காமல் யாரோ பிற்காலத்தில் பன்னிரண்டு வசனங்களைச் சேர்த்துவிட்டார்கள்* என்கிறார்கள் பெரும்பாலான அறிஞர்கள். அப்பா நம்பியிருக்கும் வசனம் அந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது.

(* சேர்த்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அந்தத் தொழில்தான்.)

"அப்பாகிட்ட சொல்லித் தொலையேன்க்கா!"

"அந்த வசனத்தைச் சொல்லி எத்தனை பேர் தலைமேல கை வச்சிருக்கார் தெரியுமா? மனுஷன் உடைஞ்சிருவார்டி."

"அப்ப அம்மா?"

"இருக்கிற சான்றுகளை வச்சுப் பாத்தா..."

"உன் சான்றைக் கொண்டு போய் உடைப்புல போடு!"

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல்: "உங்க ஆராய்ச்சி முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன் போலிருக்கே!"

சிரித்தோம். பிறகு அக்கா அழுதாள்.

4

முடிவு அ: அக்கா சொல்கிறாள், அப்பா மனம் மாறுகிறார், அம்மா பிழைக்கிறாள். (பின்னால் ஒட்டவைத்தது என்று பார்த்ததுமே தெரிகிறது.)

முடிவு ஆ: அக்கா சொல்லவில்லை. திங்கள் போகிறது. அம்மா...

மாட்டேன். இதை எழுத என்னால் முடியாது.

5

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அப்பா, தட்டு வைக்க இடம் தேடி ஒரு நகலைத் தூக்கினார். அந்தச் சின்ன சுவிசேஷத்தின் கடைசிப் பக்கம் அது. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் எழுத்து பாதியில் நின்று, பக்கத்துப் பத்தி வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"இங்க ஏம்மா காலியா இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் பயம்.

இங்கேயே நிறுத்துகிறேன். திட்டாதீர்கள். அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறதே, அதைப் பற்றி ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "சொல்லாமலே இருந்திருந்தா நம்ம கைக்கு எப்படிடி வந்துச்சு? யாரோ வாயைத் திறந்திருக்காங்க" என்றாள். அவ்வளவு தெரிந்தவள் இப்போது வாயடைத்து நிற்கிறாள்.

நாளை திங்கள். அம்மாவின் பை இன்னும் எடுத்து வைக்கப்படவில்லை. அப்பா அந்தத் தாளோடு நிற்கிறார். விஷயம் இப்போது உங்களுக்கும் தெரியும். நீங்களாவது வாயைத் திறங்களேன்!