எஞ்சினைத் திறக்க வேண்டாம்

லிஃப்டுகளைச் சோதித்து, ஓடலாம், ஓடக்கூடாது என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. லிஃப்டைத் தூக்கும் வடக்கம்பி பளபளவென்று இருந்தாலும் கையுறை போட்டுத் தடவிப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. ஆபீசில் அவருக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர். ஓட்டிக் காட்டு என்பார். ஓட்டிக் காட்டினால், இன்னொரு தரம் என்பார்.

அப்பேர்ப்பட்டவர் கார் வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார். விற்றது மனைவியின் அண்ணன். சொந்த மச்சானிடம் பானெட்டைத் தூக்கிக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

வண்டி சமதரையில் சமர்த்து. மேடு வந்தால்தான் அதற்கு மூச்சு வாங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாரைப் பின்னால் உட்காரவைத்து மலைப்பாதையில் ஏறினார். ஏசியை அணைத்தும் இழுக்கவில்லை. தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போனது. மாமனார் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே வேடிக்கை பார்த்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

வண்டிக்குப் பலம் ஏற்றுவது என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்திருந்த மச்சானிடம் பேச்செடுத்தார்.

“நைட்ரஸ் போடுங்க மாப்ளே. டிக்கியில ஒரு கேஸ் சிலிண்டர், ஸ்டீயரிங் பக்கத்துல ஒரு பட்டன். மேடு வந்தா அமுக்குங்க, பிச்சுக்கிட்டுப் போகும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். வண்டியை என்கிட்ட விடுங்க, நானே மாட்டித் தரேன்.”

“டர்போ?”

“ஐயோ, அது பெரிய ரோதனை. எஞ்சினைப் பிரிச்சு மேயணும். வேண்டாம்.”

“சூப்பர்சார்ஜர்?”

“அதுக்கும் பட்டறைக்காரன் எஞ்சினைப் பார்க்கணும்பான். எதுக்கு மாப்ளே எஞ்சினைத் திறந்துக்கிட்டு?”

அவர் காது விடைத்தது. திறக்காதே, திறக்காதே என்று ஒருத்தன் சொன்னால் உள்ளே என்னமோ இருக்கிறது. லிஃப்டுகள் சொல்லித்தந்த பாடம்.

அந்த நேரம் பார்த்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே சொன்னாள்: “டர்போன்னா மிதிச்சதும் வேகம் வராதுண்ணே. கொஞ்சம் காத்துக் கிடக்கணும்.”

சொன்னவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள், ஸ்கூட்டரைக்கூட ஓரமாக உருட்டிப் போகிறவள், இதெல்லாம் எங்கே கற்றாள்? அவர் கை கழுவப் போனார். முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. திரும்பி வந்தால் அண்ணனும் தங்கையும் கரப்பான்பூச்சி மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் கரப்பான்பூச்சியே கிடையாது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் வண்டியை ஒரு பட்டறைக்கு விட்டார். பட்டறைக்காரர் ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்திருந்தார்.

“நைட்ரஸ் அமுக்குற நேரத்துக்கு மட்டும்தான். கூடவே பெட்ரோலும் சரியாப் போகணும், குறைஞ்சா பிஸ்டன் வெந்துரும். டர்போ, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளும்; வெளியே போற புகையே அதைச் சுத்திவிடும், பலம் ஓசி மாதிரி. ஆனா சூடு ஜாஸ்தி, கொஞ்சம் தாமதமா வரும். சூப்பர்சார்ஜருக்கும் அதே வேலைதான், ஆனா எஞ்சின் பெல்ட்லயே சுத்தும், மிதிச்ச கையோட கிடைக்கும். என்ன, எஞ்சின்கிட்டயே கொஞ்சம் வாங்கித் தின்னும், பெட்ரோலும் குடிக்கும். எதைப் போட்டாலும் முதல்ல எஞ்சின் திடமா இருக்கான்னு அழுத்தம் பார்க்கணும்.”

இவர் நல்ல எஞ்சினைக் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் பிரிக்கப் பார்க்கிறாரோ? அவர் அழுத்தமானியைத் தானே கையில் பிடித்துக்கொண்டார். எஞ்சினின் நாலு சிலிண்டர்களில் மூன்றில் முள் துள்ளி நின்றது. நாலாவதில் பாதியிலேயே படுத்துவிட்டது. மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் படுத்தது.

டார்ச்சை வாங்கி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஓரிடத்தில் சின்னதாக ஒரு பித்தளைத் திருகு.

“இது கம்பெனி வச்சதா?”

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். “இல்லைங்க. நைட்ரஸ் குழாய் இருந்த ஓட்டை. கழட்டிட்டு அடைச்சிருக்காங்க.” பிறகு ஸ்பார்க் பிளக் துளைக்குள் கேமராவை இறக்கினார். பிஸ்டனின் விளிம்பு மெழுகுபோல் உருகி வழிந்திருந்தது.

அவர் அன்று சாயங்காலமே மச்சானை வீட்டுக்கு வரவழைத்து, கேமராவில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார். மச்சான் முகம் செத்துப்போனது.

“தப்பு என்மேலதான் மாப்ளே. வண்டி வேணும்னு நீங்களே ஒத்தைக்கால்ல நின்னீங்க. முடியாதுன்னா ஏன்னு குடைவீங்க. நைட்ரஸ் சாக்குல வண்டியை வாங்கி, சத்தமில்லாம பிஸ்டனை மாத்திட்டு, கேஸ் சிலிண்டர் சரிவரலைன்னு சொல்லிடலாம்னு பார்த்தேன்.”

“எவன் ஓட்டி இப்படிப் பண்ணினான்?”

மச்சான் தலையைச் சொறிந்தான். அவள்தான் முன்னால் வந்து நின்றாள்.

“விடுண்ணே. பட்டனை அமுக்கினது நான்.”

கல்யாணத்துக்கு முன்னால், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் நேர்கோட்டுக் கார்ப் பந்தயம் நடக்குமாம். அண்ணன் இந்த வண்டியைத் தயார் செய்வான், தங்கை ஓட்டுவாள். கியர் மாற்றுவதில் அவள் கை வேகம். கடைசி ஓட்டத்தில் பட்டனை அமுக்கியபோது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் வெந்து, வண்டி புகை கக்கியது.

“ஏன் என்கிட்ட சொல்லலை?”

“முதல்முதலாப் பேசினப்ப நீங்க என்ன சொன்னீங்க? வேகமா ஓட்டுறவங்க லைசென்ஸைக் கிழிச்சுப் போடணும்னு. அப்புறம் எந்த வாயோட சொல்றது?”

அவருக்கு பிஸ்டன்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் ஒரு அந்நியப் பெண் உட்கார்ந்து வந்ததுபோல் இருந்தது.

“அப்ப என் பக்கத்துல உட்கார்ந்து ‘மெதுவாப் போங்க, பயமா இருக்கு’ன்னதெல்லாம் நடிப்பா?”

“இல்லீங்க. நீங்க ஓட்டுறதைப் பார்த்து நிஜமாவே பயம்.”

கோபமாக இருக்க வேண்டிய நேரம். மச்சான் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தான். அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மச்சானோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் எஞ்சினைத் திறந்தபோது மச்சானும் வந்து நின்று, கையைக் கிரீஸாக்கிக்கொண்டு கூடமாட வேலை செய்தான். புது பிஸ்டன்கள் ஏறியதும் வண்டி ஆளே மாறிவிட்டது. மேட்டில் ஏசியோடு ஏறியது. இனி எதுவும் மாட்டத் தேவையில்லை என்று அவருக்கே தோன்றியது.

“அப்ப மூணும் வேண்டாம், அப்படித்தானே?” என்றார் பட்டறைக்காரர்.

“சின்னதா ஒரு சூப்பர்சார்ஜர் போட்டுரலாம்,” என்றாள் கூட வந்திருந்த மனைவி. “எனக்குக் காத்துக் கிடக்கிறது பிடிக்காது.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “எதுக்கு? மேட்டுக்குத்தானே?”

“மேட்டுக்குத்தான்.”

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டதாக அவருக்குப் பட்டது. மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரில் மாட்டியிருந்த டயர்களை அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தான்.

“சரி, போடுங்க,” என்று பட்டறைக்காரரிடம் சொன்னார். “ஆனா, அவ எங்கே ஓட்டினாலும் பக்கத்து சீட்ல நான் இருப்பேன்.”

“பெல்ட் போட்டுக்கணும்,” என்றாள் அவள்.