ஆறு கித்தார்களும் ஓர் உடையப்பனும்

மலேசியாவில், கோலசிலாங்கூரை அடுத்த புக்கிட் ரோத்தானில் உடையப்பன் என்னும் கித்தார்க் கலைஞர் ஒருவர் வாழ்ந்து வந்தார். கலைஞர் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டம். செம்பனை எண்ணெய் ஆலை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த அவரை அங்கே வெறுங் கிராணி என்றே அழைத்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தம் இசைக்குழுவிலிருந்த ஐவரையும் ஒருசேர நீக்கினார். அவர்களுடைய விரல்கள் தம் செவிக்குத் தகுதியற்றவை என்பது அவர் கூறிய காரணம்.

"அப்ப குழுவுல யாருடா மிச்சம்?" என்று தனபாலன் கேட்டான். பாசிர் பெனம்பாங்கிற்கு ஐஸ் ஏற்றிச் செல்லும் லோரியின் ஓட்டுநராகிய அவன், நீக்கப்பட்டோருள் முதல்வன்.

"நான் இருக்கேன்ல."

"ஓ. அப்ப இனிமே சண்டை வராது லா."

அதன்பின் தம் அக்காள் திலகத்தின் வீட்டுப் பின்னறையை உடையப்பன் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டினார். சன்னலை மெத்தையால் அடைத்தார். கேசட் பதிவுக் கருவிகள் இரண்டு, ஒலிபெருக்கி ஒன்று, காலால் மிதித்தால் கித்தாரின் நாதத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெட்டி ஒன்று ஆகியவையே அக்கூடத்தின் செல்வம். முதற் கருவியில் ஒரு கித்தாரைப் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து மீண்டும் வாசிப்பார்; இரண்டும் கலந்து இரண்டாம் கருவியில் பதியும். அதை ஓடவிட்டு மூன்றாவது கித்தார். இவ்வாறு அடுக்கடுக்காக ஆறு ஏறின. அடுக்குதோறும் நாடாவின் இரைச்சலும் ஏறியது. முடிவில், மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழ் அறுவர் மரம் அறுப்பதை ஒத்த கம்பீரம் உண்டாயிற்று.

திலகம் கதவைத் தட்டினாள். "தம்பி, உள்ள என்னமோ கருகுற மாதிரி சத்தம் கேக்குது."

"அதுதான்க்கா ராக்."

"அதுக்கு எம் மெத்தை எதுக்கு?"

"சத்தம் வெளிய போகக் கூடாதுக்கா."

"அது நல்ல எண்ணந்தான்," என்று அவள் போய்விட்டாள்.

அந்த நாடா வட்டார இளைஞர் மன்றத் தலைவர் நாராயணசாமியின் காதை எட்டியது. கோலசிலாங்கூரில் மன்றத்தின் ஆண்டு விருந்துக்கு அவர் கலைநிகழ்ச்சி தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தனை கித்தார் தம்பி?"

"ஆறு, தலைவரே," என்றார் உடையப்பன். அது பொய்யன்று. ஆயினும் மறு வாரமே, கித்தார் ஏந்திய அறுவரின் நிழலுருவங்களோடு சுவரொட்டி வெளிவந்தது.

உண்மையை உரைத்தால் மேடை பறிபோகும். உடையப்பனோ அந்த ஒரு மேடைக்காகவே உயிர் வாழ்ந்தார். கோலசிலாங்கூரே கூடியிருக்க, கித்தார் என்றால் இவன்தான் என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டால், அதன்பின் ஆயுள் முழுவதும் கிராணியாக இருக்கவும் அவர் சித்தமாயிருந்தார். ஆகவே தனபாலனைத் தேடி ஐஸ் கிடங்கிற்குச் சென்றார்.

"நீங்க அஞ்சு பேரும் மேடையில நின்னாப் போதும். டேப் பாடும். கையை மட்டும் ஆட்டணும்."

"எங்க வெரலு பரவால்லையா?"

"சத்தம் வராதே."

"அப்ப எங்க தகுதிக்கேத்த வேலதான். சாப்பாடு உண்டுல்ல?"

தாமும் அவ்வாறே சும்மா நிற்க உடையப்பனின் மானம் இடங்கொடுக்கவில்லை. நாடாவின் மேல் தாம் ஒருவர் மட்டும் மெய்யாகவே வாசிப்பது, மேடையின் நடுவில் நின்று வாசிப்பது என்று முடிவு செய்தார்.

விருந்து நாளன்று, மண்டபத்துக் கேசட் கருவி வீட்டுக் கருவியைவிடச் சற்றே வேகமாக ஓடியது. அதனால் நாடாவிலிருந்த ஆறு கித்தார்களின் சுருதியும் ஒருமித்து உயர்ந்தது. வீட்டிலேயே சுருதி சேர்த்து வந்த உடையப்பனின் கித்தார் மட்டும் பழைய இடத்தில் நின்றது. ஆறு உடையப்பன்கள் ஒரு பக்கம். உயிருள்ள உடையப்பன் மறு பக்கம். எண்ணிக்கையில் வலியோரே வென்றனர்.

தனபாலனோ மூன்றே தந்திகள் கொண்ட இரவல் கித்தாரோடு முழங்காலிட்டான், பின்னுக்குச் சாய்ந்தான், கண்களை மூடி உதட்டைக் கடித்தான். சீழ்க்கை ஒலி கூரையை முட்டியது.

முன்வரிசை மேசையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது: "எல்லாரும் நல்லா வாசிக்கிறானுங்க. நடுவுல நிக்கிறவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல லா."

உடையப்பன் சுருதியைத் திருத்தும் பொருட்டுத் தந்திகளிலிருந்து கையை எடுத்தார். இசை நிற்கவில்லை, குறையவும் இல்லை. உண்மையில் சற்றுத் தேறியது. அவர் கை எடுத்ததை அந்த மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும், அறுவரும் உண்டுகொண்டிருந்த மேசைக்கு நாராயணசாமி வந்தார். "பிரமாதம் தம்பி. ராசா ஊர்ல என் மச்சான் மன்றத்துக்கும் கேக்குறாங்க. இந்த அஞ்சு பேரையும் டேப்பையும் அனுப்பிருங்க."

"நான், தலைவரே?"

"கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. உங்க கை மட்டும் ஒட்டல."

"டேப்புல இருக்கிற ஆறும் நான்தான்."

நாராயணசாமி அவரை மிகுந்த கனிவோடு நோக்கினார். "கோவிச்சுக்காதீங்க தம்பி. இவங்க வாசிச்சத நாங்க கண்ணால பாத்தமே."

உடையப்பன் தனபாலனைப் பார்த்தார். தனபாலன் இறால் தோலை உரித்தபடியே, "விடுங்க தலைவரே, கலைஞனுக்கு மனசு கொஞ்சம் இளசு," என்றான்.

நாடாவைத் தர மறுக்கும் உரிமை உடையப்பனுக்கு இருந்தது. தந்தால் தம் வாசிப்பை ராசா ஊரே கேட்கும். மறுத்தால் முட்டை அட்டைகள் மட்டுமே கேட்கும். அவர் நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார்.

"நானும் வர்றேன்டா," என்றார் கடைசியில். "கித்தாருல ஒயர் மாட்டாம."

"ஓரமா நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

அடுத்த ஞாயிறு பின்னறையில் ஒத்திகை நடந்தது. நாடா ஓடியது. ஆறு கித்தார்களின் ஒவ்வோர் இழையையும் அறிந்த உடையப்பன், தாம் பதிவு செய்த சுரங்களின் மீதே பிசகின்றி விரல்களை ஓட்டினார். தனபாலன் தலையைச் சாய்த்து அவரை மேலும் கீழும் ஆராய்ந்தான்.

"முட்டிய இன்னும் மடக்குடா," என்றான். "பாத்தா வாசிக்கிற மாதிரியே தெரியல."